வரி இல்லை

பீல் என்று ஒரு பலகை, பியென் என்று இன்னொன்று.
ஊருக்கு மட்டுமல்ல, தியேட்டருக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றுக்கும்
இரண்டு பெயர்.
ஞாயிறு, காலை பதினொன்று.
ஏரியிலிருந்து ஏறி வந்த பனிப்புகார்
டிக்கெட் கூண்டுவரை வரிசையில் நிற்கிறது.
மனிதர் ஏழு பேர். ஒரு நாய்.
நாய்க்கும் பாதிக் காசு கேட்டுப் பார்த்தார் முதலாளியம்மா ஏஷ்லிமான்.

மேலே, புரொஜெக்டர் அறையில், நான்.
யுத்தகாலத்துப் படம். கதை என்று ஒன்று கிடையாது.
ஸ்டூடியோவின் சம்பளப் பட்டியலில் இருந்த அத்தனை பேரும்
கல்யாண மண்டபத்துக்கு வந்தவர்கள் மாதிரி
மேடையேறி, என்வலப்பைக் கொடுத்து,
போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்குகிறார்கள்.
தலைக்கு மூன்று நிமிடம்.
வில்லன் தாலாட்டுப் பாடுகிறான்.
அழுகைக்குப் பேர்போனவள் சக்கரச் சப்பாத்தில் வழுக்கி வருகிறாள்.
நாட்டையே சிரிக்கவைத்தவன்
பேசாமல் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் போகிறான்,
அதற்கும் கைதட்டல்.
எழுபது பெண்களைக் கேக்காக அடுக்குகிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே, இந்த நாட்டு வழக்கப்படி,
இரண்டு வரி எழுத்து. ஒன்று ஜெர்மன், ஒன்று பிரெஞ்சு.
அது வந்து குந்துவது
சரியாக, ஆடுகிறவர்களின் கணுக்காலில்.
இருபத்தாறு வருசமாக நான் பார்த்த நடனமெல்லாம்
முழங்காலுக்கு மேலேதான்.
லா லா லா என்று ஒருத்தி பாடினால்
அதையும் விடாமல் இரண்டு மொழியிலும் பெயர்த்திருக்கிறார்கள்.

ஐந்தாம் ரீலில் ஓர் ஒட்டு.
வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்க்கும்போதே விரல் தடுக்கியது.
வெள்ளைப் படிக்கட்டு. வாத்தியக்காரர்கள் எழும்பி நிற்கிறார்கள்.
அறிவிப்பாளன் கையை நீட்டி, இதோ, என்கிறான்.
ளக்.
எல்லோரும் கைதட்டுகிறார்கள்
காலிப் படிக்கட்டைப் பார்த்து.
கீழே, இரண்டாவது வரிசைக் கிழவரும் சேர்ந்து தட்டுகிறார்,
மரியாதைக்கு.

டப்பாவின் அடியில் அடிவரிப் பட்டியல் கிடந்தது.
தட்டச்சு. கறள் பிடித்த கிளிப்.
முன்னூற்றுப் பதினொன்று முதல் முன்னூற்று முப்பத்தெட்டு வரை
தாளில் இருக்கிறது. பிலிமில் இல்லை.
பாடுவோர்: லெமுவேல் பெட்டிஃபோர்ட், ஏமஸ் பெட்டிஃபோர்ட்.
ஓரத்தில் பென்சிலால் யாரோ:
"கறுப்பர் அங்கம். இந்தப் பிரதியில் வராது."

எடுக்கும்போதே யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.
எந்த ஊரில் எந்தத் தியேட்டர்காரன் முகம் சுளிப்பான் என்று தெரியும்.
அதனால் அவர்களை எவரோடும் பேசவிடவில்லை,
வாழைப்பழக்காரன் பக்கத்தில்கூட நிற்கவிடவில்லை.
தனிப் படிக்கட்டு. தனி வெளிச்சம்.
கதை இல்லாத படத்தில் அது ஒரு வசதி,
எங்கே கத்தரித்தாலும் இரத்தம் வராது.

படம் முடிந்து, நாயும் போனபிறகு
தாளை விளக்குக்குக் கீழே வைத்து வாசித்தேன்.
ஜெர்மன் வரி சொல்கிறது:
தெரு மூடியிருப்பது என் சப்பாத்துக்குத் தெரியாது.
பிரெஞ்சு வரி சொல்கிறது:
சப்பாத்தே, நீ முன்னே போ, நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.
ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.
அவர்கள் பாடியது இரண்டுக்கும் இடையில் எங்கேயோ.
டிக்கெட் சுருளின் பின்பக்கத்தில்
தமிழில் ஒன்று எழுதினேன். வெட்டினேன். இன்னொன்று எழுதினேன்.
மூன்றாவது ஆளாக நானும் பிழை விட்டதுதான் மிச்சம்.

பிறகு கண்ணில் பட்டது,
முன்னூற்று இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில்
எண் இல்லாத ஒரு குறிப்பு:
நடனம். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. வரி இல்லை.

அந்தப் படம் முழுக்க
எந்த எழுத்தும் வந்து குந்தாத கால்கள்
அந்த நான்கு கால்கள்தான்.

முதலாளியம்மா கீழேயிருந்து கூப்பிட்டார்,
ஹீட்டரை நிறுத்தியாச்சா என்று.
நிறுத்தவில்லை.